அத்தானுக்கு ஒரு மைக்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் அத்தான், வாயால் பிழைத்தவர் இல்லை. லோதி ரோடு அலுவலகத்தில் தலை நிமிராமல் கோப்பு பார்த்தவர். ஆனாலும் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகி, வெறும் மூச்சுக்காற்றே பேச்சாக மிஞ்சியபோதுதான் அவர் பேசிய கொஞ்சமும் எவ்வளவு பெரிய சொத்து என்று எங்களுக்குத் தெரிந்தது.

அந்தக் கோடையில் அமெரிக்காவில் இருந்த அவர் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. எங்கள் வழக்கப்படி தாத்தாதான் குழந்தையின் காதில் மூன்று தடவை பேர் சொல்ல வேண்டும். பயணம் கூடாது என்றுவிட்டார் டாக்டர். கம்ப்யூட்டர் வழியாகச் சொல்லிவிடலாம் என்று முடிவாயிற்று. மைக் வாங்குவது என் பொறுப்பு.

நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் சந்தையில் கடைக்காரர் இரண்டு காட்டினார். ஒன்று ஹெட்ஃபோனோடு சேர்ந்தது, தலையில் மாட்டி வாயோரம் வைப்பது. இன்னொன்று மேசையில் நிற்பது. நாலாபுறச் சத்தத்தையும் இழுக்கும், குடும்பமே உட்கார்ந்து பேசலாம் என்று இந்தியில் அதைத்தான் புகழ்ந்தார். எங்கள் வீடுகளில் கம்ப்யூட்டர் முன்னால் ஒருத்தர் தனியாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மேசை மைக்கையே வாங்கினேன்.

முந்தின நாள் பேசிப் பார்த்தோம். மயூர் விஹார் வீட்டில் அக்கம்பக்கமும் கூடியிருந்தது. அத்தான் பேசினார். மகள், மற்றவர்கள் சும்மா இருங்கள், அப்பா பேசட்டும் என்றாள். நாங்கள் சும்மாதான் இருந்தோம். அவளுக்குக் கேட்டதெல்லாம் கூலர் இரைச்சலும் கீழே காய்க்காரன் கூவியதும்.

அத்தான் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"ஏல, காய்க்காரன் பேசவா மைக் வாங்கியாந்த?" என்றாள் அக்கா. "உங்க அத்தான் பேசதுக்குல்லா கேட்டேன்."

எவ்வளவு தூரம் இழுக்கும் என்று பார்த்தேனே தவிர, யார் வாய்க்கு என்று நான் யோசிக்கவில்லை. மறுநாள் கடை திறந்ததும் போய், தலையில் மாட்டுவதாக மாற்றி வந்தேன்.

சாயங்காலம் கூலரை நிறுத்தினோம். வேர்த்து வழிந்தது. திரையில் மகள் தன் ஹெட்ஃபோனைக் கழற்றிக் குழந்தையின் காதோரம் பிடிப்பது விட்டுவிட்டுத் தெரிந்தது. அத்தானின் உதடு மூன்று தடவை அசைந்தது. பக்கத்தில் நின்ற எங்களுக்கு ஓர் எழுத்துக்கூடக் கேட்கவில்லை. அவள் சொன்ன பதிலும் அவர் காதுக்கு மட்டும்தான்.

அக்கா அவர் தோளைத் தொட்டாள். "என்ன சொல்லுதா? கேட்டுச்சாமா?"

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி அவள் காதில் வைத்தார். அக்கா கொஞ்ச நேரம் அசையாமல் கேட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பேரைச் சொல்லித்தான் பிள்ளையைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கா," என்றாள்.