வேர்ச் சிகிச்சைக்கு ஐந்து நாள் பயணம்

இலங்கை மலையகத்தில், எங்கள் மஸ்கெலியாவில் பஸ் தாமதமானால்கூட நாட்குறிப்பில் எழுதிவைக்கிறவன் நான். ஆனாலும் 2003 பெப்ரவரியில், கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காமலேயே விமானம் ஏறினேன்.

கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் பல்வலி என்றால் ஹட்டன் நகரத்துக்குப் போய்ப் பிடுங்கிவிட்டு வருவதுதான் வழக்கம். பல்லைக் காப்பாற்றும் வேர்ச் சிகிச்சை திருச்சியில்தான் நடக்கும் என்று நானாக முடிவு செய்து, அங்குள்ள சொந்தக்காரர்களையும் பார்த்துவர ஐந்து நாள் பயணம் போட்டேன்.

திருச்சியில் ஒரு பல் மருத்துவர் அம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். "எப்ப ஊருக்குத் திரும்புறீங்க?"

"வியாழக்கிழமைங்க."

"மருந்து வச்சு ரெண்டு வாரமாவது பாக்கணும். இப்பவே அடைச்சா மறுபடி வீங்கும், பல்லு போயிடும். உங்க ஊர்ல இதைச் செய்ய ஆள் இருக்காங்களான்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்று தலையை ஆட்டினேன்.

அவசரமாக அடைத்து அனுப்பியிருக்கலாம். அவரோ வேரைச் சுத்தம் செய்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடினார். செய்ததையும் இனிச் செய்யவேண்டியதையும் தேதியிட்டு ஒரு பக்கம் எழுதி, எக்ஸ்ரேயோடு தந்தார்.

ஊர் திரும்பியதும் நான் போய்ப் பார்த்த ஹட்டன் பல் டாக்டர் அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்க, நான் முடிச்சுத் தர்றேன். மொதல்லயே இங்க வந்திருக்கலாமே?" என்றார்.

"நீங்க புடுங்கத்தான் செய்வீங்கன்னு நெனச்சேங்க டாக்டர்."

"வர்றவங்க எல்லாம் 'புடுங்குங்க'ன்னு சொல்லித்தானே வாயைத் தொறக்கிறீங்க!"

அந்தப் பல் இன்னும் இருக்கிறது. பல்லுக்காகக் கடல் தாண்டுகிறவர்களிடம், முதலில் உள்ளூரில் கேளுங்கள், எத்தனை தடவை போகவேண்டும் என்று தெரிந்துகொண்டு டிக்கெட் எடுங்கள் என்கிறேன். முகமறியாத இன்னொரு மருத்துவருக்காகத் திருச்சி மருத்துவர் அம்மா எழுதிய பக்கம் என் நாட்குறிப்புக்குள் இருக்கிறது. நான் தேதியிட்டு எழுதிய எதுவும் அவ்வளவு பயன்பட்டதில்லை.