திருப்பிக் கொடுக்காத பெட்டி

ரெஜினா அக்கா இறந்த செய்தி எனக்குப் பாதிதான் வந்தது. கோவளத்தில் ஐஸ் கடை வைத்திருக்கும் காதர் பாய் காலை ஏழரைக்குக் கூப்பிட்டார். "சார், நம்ம ரெஜினாம்மா போய்ட்டாங்க. விடியசொல்ல நெஞ்சு வலின்னாங்களாம். வண்டி ஸ்டார்ட்டு…" அதோடு லைன் அறுந்தது.

வண்டி ஸ்டார்ட் ஆனதா, ஆகவில்லையா? திரும்பக் கூப்பிட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கூப்பிட விரல் வரவில்லை. ஏனென்றால் அக்காவின் பெட்டி என் கார் டிக்கியில் இருந்தது. போனைக் கீழே வைக்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. விடியற்காலை ஐந்து பத்துக்கு ஒரு தவறிய அழைப்பு. 'ரெஜினா அக்கா மீன்' என்று என் போன் சொன்னது. நான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்காவை அறிந்த உங்களுக்கு எந்தப் பெட்டி என்று சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு செங்கல் பருமனில், சிவப்பும் கறுப்புமாக இரண்டு கிளிப் தொங்கும் ஜம்ப் ஸ்டார்ட்டர். பேட்டரி படுத்துவிட்ட வண்டியை எழுப்புகிற சாமான். கோவளத்திலிருந்து செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிவரும் தன் டீசல் குட்டியானை வண்டியின் சீட்டுக்கு அடியில் அக்கா அதை வைத்திருப்பார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவர் எழுப்பிவிட்ட வண்டிகளைக் கூப்பிட்டு நிறுத்தினால் முட்டுக்காடு வரை வரிசை நிற்கும். அதில் என் கார் பலமுறை நிற்கும்.

எங்கள் அறிமுகமே அப்படித்தான். மாமல்லபுரத்தில் விளக்கை அணைக்காமல் காரை விட்டுவிட்டு, கொழுந்தியாள் குடும்பத்துக்குக் கடல் காட்டப் போயிருந்தேன். திரும்பி வந்தால் என் பழைய டீசல் கார் 'டக்' என்பதோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. நானா அசருவேன்? இணையத்தில் வாங்கிய, சோப்புப் பெட்டி அளவு ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றை எடுத்து, உறவினர் முன்னிலையில் ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றிவிட்டு மாட்டினேன். மறுபடி 'டக்'. பக்கத்தில் வந்து நின்ற மீன் வண்டியிலிருந்து அக்கா தலையை நீட்டினார்.

"இன்னா சார், கொசுவர்த்திய கொளுத்தி வெச்சி சோறு ஆக்கினு கீறியா?"

"எந்தக் காரையும் எழுப்பும்னு போட்டிருக்கும்மா."

"பெட்ரோல் காரை எழுப்பும். இது டீசலு. இதுக்குத் தீப்பொறி கெடையாது, காத்தை நசுக்கி நசுக்கியே சூடேத்தணும். அதுக்குப் பெரிய ஒதை வேணும். தள்ளு."

சிவப்பைப் பேட்டரியின் ப்ளஸ்ஸில் கடிக்க வைத்தார். கறுப்பைப் பேட்டரியில் வைக்கவில்லை. எட்டிப் போய் இன்ஜினின் வெற்று இரும்பில் வைத்தார். வைக்கிற அந்த நொடியில் முகத்தைத் தோளுக்குத் திருப்பி, கண்களை இறுக மூடி, "சேசுவே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"பயமாக்கா?"

"ஆமா. பயப்படாம ஒருவாட்டி பேட்டரி மேலயே மாட்னேன். அப்பத்தான் இது போச்சு." இடது புருவத்தைக் காட்டினார். பாதிதான் இருந்தது. பழைய பேட்டரி வாயு விடுமாம். ஒரு பொறி போதுமாம், வெடிப்பதற்கு. நான் இரண்டடி பின்வாங்கியதாக எனக்கு நினைவு. என் மனைவி கணக்கில் எட்டடி.

பிறகு சாவியைப் பாதி திருப்பச் சொல்லி, இன்ஜின் சூடானதைக் காட்டும் ஹீட்டர் விளக்கு அணைந்த பிறகும் இருபது வரை வாய்விட்டு எண்ணினார். "வெளக்கு பொய் சொல்லும் சார். இருபது பொய் சொல்லாது." இருபதில் கார் உறுமியது.

அடுத்த தடவை திருக்கழுக்குன்றத்தில். அக்கா தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் நானே மாட்டிவிடலாம் என்று சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றி மாட்டினேன். பெட்டி கீச்சுக்கீச்சென்று கத்தியது. ஊரே திரும்பிப் பார்க்க, மானம் போகிறதே என்று அதிலிருந்த ஒரு பொத்தானை அமுக்கப் போனேன். கத்தலை அடக்கி, மின்சாரத்தை அப்படியே திறந்துவிடும் பொத்தான் அது. அக்கா ஓடிவந்து என் கையில் ஓங்கி ஒன்று வைத்தார். இருபத்தைந்து வருடமாக என் மனைவி மனதில் மட்டுமே வைத்திருக்கும் அடி. "பொட்டி கத்தினா அதும் வாய மூடாத. உனக்காகத்தான் கத்துது" என்றவர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாங்கிக் கொடுத்த டீ அவர் கையிலிருந்து பாதிக்கு மேல் சிந்தியது. அடிபட்ட நான் நன்றாகத்தான் இருந்தேன்.

அவர் கணவர் அந்தோணி அண்ணனையும் உங்களுக்குத் தெரியும். படகில் கால் நசுங்கியதிலிருந்து வீட்டோடு இருப்பவர். ஒருநாள் அங்கே சாப்பிடும்போது, சங்கரா மீன் குழம்பைத் தானே வைத்ததாகச் சொன்னார். அக்கா கண்ணைச் சிமிட்டினார். "பாத்துக்க சார். ஊருக்கெல்லாம் காது குத்துவாரு. குத்தசொல்ல அவரு காதையே தடவிகினு இருப்பாரு." பார்த்தேன். அண்ணன் கை வலது காதில் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன் கடப்பாக்கத்தில் கோட்டை பார்க்க வேண்டும் என்று கொழுந்தியாள் குடும்பம் மறுபடி வந்தது. பெட்டியை இரவல் கேட்டேன். அக்கா யோசித்தார். "ரெண்டு நாள்ல குடுத்துடு சார். எம் பேட்டரியும் கெழம். சில நாளு காலைல இது இல்லாம எழுந்துக்காது." நாளைக்கே என்றேன். பிறகு ஒருமுறை கூப்பிட்டார், நாளைக்கே என்றேன். இன்னொருமுறை கூப்பிட்டார், காய்ச்சல் என்றேன். மூன்றாம் முறை அவர் பெயர் திரையில் மினுங்குவதைப் பார்த்துக்கொண்டே இட்லி சாப்பிட்டேன்.

செங்கல்பட்டிலிருந்து கோவளத்துக்கு அன்று நான் ஓட்டியது எப்படி என்று சொன்னால் சிரிப்பீர்கள். திருக்கழுக்குன்றத்தில் மாலை வாங்கும்போதுகூட இன்ஜினை நிறுத்தவில்லை. "ஆஃப் பண்ணு சார், பூவெல்லாம் பொகை நாத்தம்" என்று பூக்காரம்மா திட்டினார். நிறுத்தினால், திரும்ப எழுப்ப அந்தப் பெட்டியைத் தொட வேண்டும். தொட முடியும் என்று தோன்றவில்லை.

அக்காவை வெள்ளைப் புடவையில் கிடத்தியிருந்தார்கள். அரைப் புருவம் அப்படியே இருந்தது. நான் மாலையைப் போட்டுவிட்டு, காதர் பாய் கண்ணில் படாத மூலையாகப் பார்த்து நின்றேன். அவர் வாயில் மீதிச் செய்தி இருந்தது.

அக்காவைச் சவப்பெட்டியில் வைத்து வண்டியில் ஏற்றினார்கள். அதுவும் பழைய டீசல் வேன். இரண்டு மணி நேரமாக இன்ஜினை நிறுத்திவிட்டு, விளக்கும் பாட்டுமாக வாசலில் நின்றிருந்தது. ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். 'டக்.'

"தள்ளுங்கப்பா" என்றது ஒரு குரல். "மணல்ல எங்கடா தள்றது, உள்ள எங்கக்கா கீது!" என்றது இன்னொன்று. அப்போது அந்தோணி அண்ணன் கட்டையை ஊன்றிக்கொண்டு எழுந்தார். "ரெஜினா பொட்டி கீதே. அவ வண்டில, சீட்டு அடியில. எடுங்கடா."

நாலு பேர் ஓடினார்கள். சீட்டைத் தூக்கினார்கள். தார்ப்பாயை உதறினார்கள். ஐஸ் தொட்டியைத் திறந்தார்கள். அங்கே அது இருக்காது என்று அந்தக் கூட்டத்தில் எனக்கும், பேச முடியாத ஒருவருக்கும் மட்டும்தான் தெரியும். "எங்கிட்ட இருக்கு" என்றேன். அது என் குரல் போலவே இல்லை.

டிக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு அத்தனை பேர் நடுவில் நடந்தேன். எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். திட்டியிருக்கலாம். சார்ஜ் பார்க்கும் பொத்தானைத் தட்டினேன். நாலு விளக்கில் இரண்டுதான் எரிந்தது. நான் சார்ஜ்கூடப் போட்டிருக்கவில்லை.

சிவப்பு, ப்ளஸ்ஸில். கறுப்பு, தள்ளி, இரும்பில். கிளிப் இரண்டு தடவை நழுவியது. முகத்தைத் தோளுக்குத் திருப்பி, கண்களை மூடிக்கொண்டு, சைவக் குடும்பத்தில் பிறந்த நான் "சேசுவே" என்றேன். இருபது வரை எண்ணினேன். முதல் தடவை முனகியது. அரை நிமிடம் விட்டோம். இரண்டாம் தடவை இருமியது. விளக்கு ஒன்றாகக் குறைந்தது. மூன்று தடவைக்கு மேல் திருப்பக் கூடாது, பெட்டி வெந்துவிடும் என்பது அக்காவின் சட்டம். மூன்றாவதாகத் திருப்பினார்கள். வேன் குலுங்கி, கறுப்பாகப் புகை தள்ளி, உயிர் பெற்றது. பெண்கள் அப்போதுதான் ஓவென்று அழுதார்கள்.

அடக்கம் முடிந்ததும் அந்தோணி அண்ணன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"காலைல உனக்குப் போன் போட்டாளே தம்பி, எடுத்தியா?"

"தூங்கிட்டேண்ணா. எதுக்கு… எதுக்குப் போட்டாங்க?"

"வஞ்சிரம் நல்லா வந்துது. உனக்கு ஒண்ணு எடுத்து வெக்கலாம்னு."

கேட்காமல் இருந்திருக்கலாம். "அண்ணா, வண்டி?"

"வண்டிக்கு இன்னா? ஒரே தட்டுல ஸ்டார்ட் ஆச்சி. பக்கத்து வூட்டுக்காரன்தான் ஓட்னான். கேளம்பாக்கம் ஆஸ்பத்திரி போறதுக்குள்ள மூச்சு நின்னுபோச்சி. அதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

அவர் அதைச் சொன்னபோது நான் முகத்தைத் தோளுக்குத் திருப்பி, கண்களை மூடிக்கொண்டிருந்தேன். திறந்தபோது அண்ணனின் கை கட்டையின் மேல் இருந்தது. அதற்கு முன் எங்கே இருந்தது, காதிலா என்று எனக்குத் தெரியாது. கிளிப் மாட்டும்போது அக்கா கண்ணை மூடியது வேலையைச் செய்து முடிப்பதற்காக. நான் எதற்காக மூடினேன் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டாம்.

"பொட்டிய நீயே வெச்சிக்கோ" என்றார்.

வைத்திருக்கிறேன். மாதம் பிறந்தால் சார்ஜ் போடுகிறேன், நாலு விளக்கும் எரிகிற வரை. ஐந்து பத்து அழைப்பை அழிக்கவில்லை. காதர் பாயின் எண்ணை எடுத்துவைத்துக்கொண்டு சில நாள் காலையில் உட்காருகிறேன். அவரிடம் கேட்டால் மீதி வாக்கியம் கிடைத்துவிடும். இருபது வரை எண்ணிவிட்டு அழுத்துவது என்று வாய்விட்டு எண்ணத் தொடங்குகிறேன். இருபது பொய் சொல்லாது. அதனால் பத்தொன்பதில் நிறுத்திவிடுகிறேன்.