ஈரத்தில் காயும் கிண்ணம்

சுற்றுலா வருகிறவர்களுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்கிற தொழிலில், கையைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். கலிபோர்னியாவில், மில்பிடாஸ் என்ற ஊரில் கெய்கோ என்ற ஜப்பானியப் பெண்மணி நடத்தும் சின்னப் பட்டறையில் நான் உதவியாளர். உருஷி என்கிற மரத்தின் பாலை மரக் கிண்ணத்திலும் தட்டிலும் பூசி, கருகருவென்று மின்ன வைக்கும் வேலை அது. கெய்கோ செய்து காட்டுவார், நான் பேசுவேன். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை வீக்கெண்டில் எங்கே கூட்டிப்போவது என்று முழிக்கும் நம் பிள்ளைகள், பாலத்தையும் கடலையும் காட்டி முடித்ததும் எங்களிடம்தான் வருகிறார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைச் சமாளித்த அனுபவம் உள்ளவர்களுக்கு என் பாடு புரியும்.

வெயில்

இந்தப் பால் வெயிலில் காயாது. ஈரமும் கதகதப்பும் உள்ள அலமாரிக்குள் வைத்தால்தான் இறுகும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அப்புறம் நேரில் வந்து வாங்கிக்கொள்ளலாம், அல்லது நாங்களே அனுப்பிவைப்போம். இதை வகுப்பு தொடங்கும்போதும் சொல்வேன், நடுவிலும் சொல்வேன், முடியும்போதும் சொல்வேன். யார் காதிலும் ஏறாது.

ஈரோட்டிலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த ஒரு அங்கிள், நான் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துத் தன் தட்டோடு காணாமல் போய்விட்டார். தேடிப்போனால் பார்க்கிங்கில் நிற்கிறார். மகளின் கார் பானெட் மேல் பேப்பர் விரித்து, வடாம் காயவைப்பதுபோல் தட்டை வைத்து, கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தட்டு முழுக்கத் தூசி. உள்ளே கொண்டுவந்து துடைத்து, முதலிலிருந்து பூசவைத்து, அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அவர் அந்தக் கதவையே சந்தேகமாகப் பார்த்தார்.

"கலிபோர்னியா வெயிலுக்கே காயாதது, இந்த ஈரத்துலயா காயப்போகுதுங்க?"

மாம்பழம்

மாங்காய்க் காம்பில் வடியும் பால் பட்டு அரிப்பெடுக்கிறவர்களுக்கு இதுவும் அரிக்கும். அதனால் முதலிலேயே கேட்டுவிடுவோம், எல்லோருக்கும் கையுறையும் கொடுப்போம். டெக்ஸாஸில் காப்பெல் என்ற ஊரிலிருந்து குடும்பத்தோடு லீவுக்கு வந்திருந்த ஒரு சேலத்துக்காரருக்கு நான் அப்படிக் கேட்டதே அவமானமாகிவிட்டது. மாந்தோப்பில் பிறந்து வளர்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்றார். நான் விடவில்லை. முனகிக்கொண்டே மாட்டினார். நடுவில் போன் வந்தது. கையுறையைக் கழற்றினார், பேசினார், மறந்துபோய் அப்படியே வேலையைத் தொடர்ந்தார், நடுநடுவே மூக்கையும் சொறிந்துகொண்டார்.

ஊருக்குத் திரும்பியதும் போன் பண்ணினார். மூக்கு குடைமிளகாய் சைஸுக்கு வீங்கியிருக்கிறதாம். டாக்டரிடம் போய்விட்டாராம், மருந்தும் போடுகிறாராம். பிறகு எதற்குக் கூப்பிட்டார் என்றுதானே கேட்கிறீர்கள்?

"நான் சேலம்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, மானம் போயிடும்."

ஒரே கோட்

சரோஜா ஆன்ட்டியை அவர் மகன் கார்த்திக் கூட்டிவந்தார். ஆன்ட்டியின் கணவர் போன வருஷம் தவறிவிட்டார். அம்மா இனி மதுரையில் தனியாக இருக்க வேண்டாம், இங்கேயே இருக்கட்டும், கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணப்போகிறேன் என்று நான் கேட்காமலே கார்த்திக் சொன்னார். ஆன்ட்டி அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்தக் கிண்ணத்தில் சூடாக ரசம் ஊற்றலாமா என்று மட்டும் என்னிடம் கேட்டார். தாராளமாக ஊற்றலாம், ஜப்பானில் சூப் குடிப்பதே இதில்தான் என்றேன்.

மெல்லிசாகப் பூசி, காயவைத்து, மறுபடி பூசவேண்டும். ஆன்ட்டி அப்படியே செய்தார். கார்த்திக்குக்குப் பொறுமை ஏது? ஒரே கோட்டில் முடித்துவிடலாம் என்று ஊத்தப்பத்துக்கு மாவு ஊற்றுவதுபோல் அப்பினார். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

சில வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். அலமாரியைத் திறந்தால் ஆன்ட்டியின் கிண்ணம் வழவழவென்று இருக்கிறது. கார்த்திக்கின் கிண்ணம் பாலாடைபோல் சுருங்கிக் கிடக்கிறது. கெட்டியாகப் பூசினால் மேலே முந்திக்கொண்டு காய்ந்துவிடும், உள்ளே காயாது. அவர் முகம் தொங்கிப்போயிற்று. ஆன்ட்டி அந்தச் சுருக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சிரணும் இவனுக்கு. என் விஷயத்தையும் சேத்துத்தான்."

விலாசம்

அன்றைக்கே ஆன்ட்டி இரண்டாவது கோட் பூசி முடித்ததும், எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டேன். நேரில் வந்து வாங்கிக்கொள்கிறீர்களா, அனுப்பவேண்டுமா? அனுப்புவதென்றால் எந்த விலாசத்துக்கு? கார்த்திக் முந்திக்கொண்டார். அம்மா இங்கேதானே இருக்கப்போகிறார், பிக்கப் பண்ணிக்கொள்கிறோம் என்றார்.

ஆன்ட்டி கை துடைத்த துணியை மடித்து மேஜைமேல் வைத்தார். "மதுரைக்கு அனுப்பிரும்மா. இது காயறதுக்குள்ள நான் அங்க போயிருப்பேன்."

சும்மா இருந்த குடும்பத்தில் குட்டையைக் குழப்பிவிட்டோமே என்று நான் விலாச நோட்டைப் புரட்ட ஆரம்பித்தேன். எப்போது இந்த முடிவெடுத்தாய் என்று கார்த்திக் மெதுவாகக் கேட்டார். ஆன்ட்டி கோபமே இல்லாமல் பதில் சொன்னார்.

"எங்க இருக்கப்போறன்னு வந்ததுலேருந்து யாரும் என்னைக் கேக்கலப்பா. இந்தப் பொண்ணு கேட்டுச்சு, சொல்லிட்டேன்."

இன்னொரு கிண்ணம்

ஆன்ட்டி மதுரைக்குப் போய்விட்டார். கிண்ணமும் காய்ந்து, பின்னாலேயே போயிற்று. அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை கார்த்திக் தனியாக வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் கெய்கோவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவரோ தன் கிண்ணத்தைக் கேட்டு வாங்கி, மூலையில் உட்கார்ந்து, சுருங்கிய பூச்சை எல்லாம் உப்புத்தாளால் தேய்த்தார். மத்தியானம் முழுக்கத் தேய்த்தார். பிறகு மெல்லிசாக ஒரு கோட் பூசினார். அது காய்ந்ததும் வந்து இன்னொரு கோட். நடுவில் அவராகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அம்மா மாடிவீட்டுக்காரர்களோடு தினமும் காலையில் நடக்கப் போகிறாராம், போனில் குரலே உற்சாகமாக மாறிவிட்டதாம்.

கடைசிக் கோட் முடிந்து கிண்ணத்தை அலமாரிக்குள் வைத்தேன். விலாசம் கேட்க வாயெடுத்து, பட்ட அனுபவம் போதும் என்று மென்று விழுங்கிவிட்டேன். அவரே சொன்னார்.

"இதையும் மதுரைக்கே அனுப்பிடுங்க. நான் போனா எனக்கும் ரசம் ஊத்த ஒண்ணு வேணும்ல."

கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதும் இந்தத் தொழிலில் சேர்த்திதானாம், கெய்கோ சொல்கிறார். எனக்கு அது மட்டும் இன்னும் கைவரவில்லை.