நேராகப் பதில் சொல்லாத அண்ணன்

எங்கள் அண்ணன் ஆண்டவரிடம் சென்று ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பற்றி நல்ல வார்த்தைகளையே எதிர்பார்ப்பீர்கள். நல்லவர்தான். ஆனால் அவரோடு பேச அசாத்தியப் பொறுமை வேண்டும். கூடப் பிறந்த தங்கை நான், அதையும் சொல்லத்தானே வேண்டும்.

மலாக்கா மாநிலத்தில் லூபோக் சீனாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தார். அப்பா தவறியதும் படிப்பை விட்டு, லாரி ஓட்டி எங்களை வளர்த்தார். தங்கா பத்துவில் எங்களைக் குடிவைத்தார். வாரம் முழுவதும் லாரி, சனிக்கிழமை ஒருநாள்தான் ஓய்வு. அன்றைக்காவது அண்ணியைக் காய்கறி வாங்கப் பாசாருக்கு அழைத்துப் போகலாம் அல்லவா? மாட்டார். பழைய வேனில் வீடு வீடாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, மலாக்கா நகரில் நம் சபையின் வாலிபர் கூட்டத்துக்குப் போய்விடுவார்.

அங்கே என்ன சொல்லிக் கொடுத்தார் என்று நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. மற்ற சபைப் பிள்ளைகள் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கினார்கள். இவரோ கேள்வி கேட்ட பிள்ளையிடமே, “நீ என்ன நினைக்கிற?” என்று திருப்பிக் கேட்பார். காதலிக்கலாமா, நண்பன் கூப்பிட்டால் கோயில் திருவிழாவுக்குப் போகலாமா, எல்லாவற்றுக்கும் அதே கேள்விதான். “பதிலைச் சொல்லித் தொலைங்களேன்” என்று நானே சண்டை போட்டிருக்கிறேன்.

“நான் சொல்றது சனிக்கிழமை வரைக்கும்தான்மா தாங்கும். திங்கக்கிழமை ஸ்கூல்ல அவங்கதானே நிக்கணும்” என்பார்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இந்து. தீபாவளிக்கு அவர் பலகாரத் தட்டு கொடுப்பார். கிறிஸ்துமஸுக்கு அதே தட்டில் கேக் வைத்து நாங்கள் திருப்பித் தருவோம். வெறும் தட்டு போனதே இல்லை. ஒரு தீபாவளியன்று நான் குளித்துக்கொண்டிருந்தபோது, வெளியூர் ஜெப முகாம் ஒன்றுக்குப் போய் வந்திருந்த என் மகள், “படைச்சதெல்லாம் நாங்க சாப்பிடக்கூடாது ஆன்ட்டி” என்று சொல்லி, முறுக்கும் நெய்யுருண்டையுமாகத் தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அக்கா தலையை மட்டும் ஆட்டினார். அதோடு பேச்சு நின்றது.

அண்ணன் அவளை நன்றாகத் திட்டுவார் என்று நம்பி அழைத்துப் போனேன். அவர் திட்டவில்லை. வாலிபர் கூட்டத்தில் வாரக்கணக்கில் அந்தத் தட்டைப் பற்றியே பேச வைத்தார். வேதத்தில் உணவைப் பற்றி உள்ள பகுதிகளை எல்லாம் பிள்ளைகளையே தேடி வாசிக்கச் சொன்னார். சாப்பிடலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. கடைசியில் என் மகளிடம் ஒன்று கேட்டார்.

“தட்டைக் கொடுத்தப்போ அவங்க முகம் எப்படி இருந்துச்சு?”

“பார்க்கல மாமா. கொடுத்துட்டு ஓடி வந்துட்டேன் லா.”

“அப்போ முதல்ல போய்ப் பாரு.”

அவள் போகவில்லை. அதற்குள் அண்ணனின் சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ், மருத்துவமனை என்று நாட்கள் ஓடின. படுக்கையில் இருந்தபடியே, “பார்த்தியா?” என்று கேட்பார். “இன்னும் இல்ல மாமா” என்பாள். அதற்கும் கோபப்பட மாட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணன் போன அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. யாரும் சொல்லாமலே பக்கத்து வீட்டு அக்கா அந்தத் தட்டில் இட்லி அடுக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். உள்ளே வரலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. என் மகள்தான் எழுந்து போனாள். தட்டை வாங்கினாள். ஓடவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்று, பிறகு உடைந்து அழுதாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டார். இதைப் பார்க்க அண்ணன் இல்லையே என்று எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது.

கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், ஜெபித்த போதகருக்கும், பெட்டியைச் சுமந்த வாலிபர் கூட்டப் பிள்ளைகளுக்கும், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

துக்கத்தில் போன கிறிஸ்துமஸை நாங்கள் கொண்டாடவில்லை; அந்தத் தட்டு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. கிறிஸ்துமஸ் வருகிறது. இந்த முறை வெறும் கேக் வைத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வேறு என்ன வைக்கலாம் என்று நேற்று மகளைக் கேட்டேன். அவள் நிதானமாகத் தட்டைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“நீங்க என்ன நினைக்கிறீங்கம்மா?”