பக்கவாட்டில் போகும் வண்டி

இந்த நாட்டில் பந்தைத் தரையில் வைத்தால் வைத்த இடத்திலேயே கிடக்கிறது. நெதர்லாந்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. நீலகிரி மலையில், நடுவட்டத்தில் எங்கள் தேயிலை எஸ்டேட் குவார்ட்டர்ஸ் வாசலில் பந்து கை நழுவினால் கூடலூர் ரோட்டில்தான் போய் நிற்கும். இங்கே ஹெல்மண்டில் ஊரே கேரம் போர்டு மாதிரி கிடக்கிறது.

அப்படிப்பட்ட சமதரையிலும் ஒழுங்காகப் போகாத ஒரு வண்டியைப் பற்றித்தான் ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வந்தேன். என் மகள் நிலா பள்ளியின் ரோபோ போட்டி அணியில் ஓட்டுநர். அவர்கள் ரோபோவுக்கு மெக்கானம் சக்கரங்கள். சக்கரத்தைச் சுற்றிலும் சாய்வாகச் சின்னச் சின்ன உருளைகள்; ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மோட்டார். நான்கும் ஒத்துழைத்தால் வண்டி திரும்பாமலே நண்டு போலப் பக்கவாட்டில் நகரும். எங்கள் வண்டியோ பக்கவாட்டில் போகச் சொன்னால் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியது. போட்டி நெருங்கியபோது அணியின் ஆசிரியர் ஹெங்க் என்னிடம், "உங்கள் மகள் நல்ல பெண். ஆனால் அவளுக்கு ஓட்ட வராது. வேறு ஆளைப் போடலாம்" என்றார். நான் பேசாமல் நின்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, சிரித்தபடி காப்பி எடுக்கப் போனார். கோபம் வந்தால் எனக்கு டச்சு வராது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

"நான் ஜாய்ஸ்டிக்கை நேராத்தாம்மா தள்றேன்" என்றாள் நிலா. கண் கலங்கியிருந்தது. நான் ஜீப் ஓட்டுநரின் மகள். இங்கே இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். அவள் கையில் குறையில்லை என்று எனக்குத் தெரியும். ஹெங்குக்குத் தெரிய வேண்டுமே.

அப்பா வேலைக்காகக் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி, எஸ்டேட் ஜீப் ஓட்டியவர். கொழுந்து மூட்டை ஏற்றிய ஜீப் மழையிலும் சேற்றைக் கவ்விக்கொண்டு ஏறும். தேயிலை விலை விழுந்த வருடங்களில் பறிக்காமல் விட்ட செடிகள் மரமாக வளர்ந்தன. ஃபேக்டரி பாதி நாள் மூடிக் கிடந்தது. ஜீப் வெறுமனே ஓடியது. வெற்று ஜீப் ஏற்றத்தில் வழுக்கும். அப்பா பின்னால் கல் ஏற்றினார். "பின்னாடி கனமிருந்தாத்தான் அம்மிணி, வண்டி சொன்ன பேச்சு கேக்கும்" என்பார். கொழுந்து சுமந்த வண்டியில் கல் சுமக்கிறோமே என்று அவர் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. அந்த ஜீப் ஓட்டித்தான் என்னைப் பாலிடெக்னிக்கில் படிக்க வைத்தார்.

அந்தப் பெருமையோடு ரோபோவின் பின்பக்கம் ஓர் இரும்புத் தகட்டை வைத்து முடுக்கினேன். வண்டி முன்னைவிட மோசமாகச் சுழன்றது! பிள்ளைகள் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் ஜீப்பைத் தள்ளியவை பின்சக்கரங்கள். இதை நான்கும் சேர்ந்து தள்ள வேண்டும். ஒன்றில் பாரம் குறைந்தாலும் அது வழுக்கும், மற்றவை வண்டியைத் திருப்பிவிடும். தகட்டைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் காகிதத் துண்டைச் செருகி இழுத்துப் பார்த்தேன். இடது முன்சக்கரத்தின் அடியிலிருந்து மட்டும் சுலபமாக உருவிக்கொண்டு வந்தது. வண்டியின் சட்டம் லேசாக முறுகியிருந்தது. போல்ட்டுகளைத் தளர்த்தி, சமமான மேசையில் வைத்துத் திரும்ப முடுக்கினோம். பேட்டரியை நடுவுக்கு மாற்றினோம். உருளைகளில் சிக்கியிருந்த நூலையும் தலைமுடியையும் எடுத்தோம். அதன் பிறகுதான் பிள்ளைகள் திசை உணரும் சென்சாரை வைத்து மிச்சமிருந்த திருப்பத்தைப் புரோகிராமில் திருத்தினார்கள். நிலா ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினாள். வண்டி சுவரோரமாக அப்படியே பக்கவாட்டில் நகர்ந்தது. "அப்படியானால் நான் சொன்னது தவறு. நிலாவே ஓட்டட்டும்" என்றார் ஹெங்க். இந்த ஊர்க்காரர்களிடம் எனக்குப் பிடித்ததும் இந்த வெளிப்படைப் பேச்சுதான்.

போட்டியை அப்பா நடுவட்டத்தில் டீக்கடைக்காரரின் போனில் நேரலையாகப் பார்த்தார். பெட்டிகளை எடுத்துப் போய் மேடையில் அடுக்குவதுதான் ஆட்டம். கடைசி ஆட்டத்தில் எதிரணி வண்டி வழிமறித்து நின்றது. நிலா வண்டியின் முகத்தைத் திருப்பாமல் பக்கவாட்டில் நழுவி வெளியே வந்து, மணி அடிக்குமுன் கடைசிப் பெட்டியை மேடையில் வைத்தாள். ஜெயித்தோம். பெருமை தாங்காமல் நான் தமிழில் கத்தினேன்.

உடனே அப்பா அழைத்தார். "கடையில நாலு பேரு கேக்கறாங்க அம்மிணி. பாப்பா ஓட்டறது எந்த ஊரு வண்டின்னு சொல்லட்டும்?"

"நம்மூரு வண்டிதானுங்கப்பா. நடுவட்டத்து வண்டின்னு சொல்லுங்க" என்றேன்.

அந்த நேரம் ஒலிபெருக்கி, "ஹெல்மண்ட்!" என்று ஜெயித்தவர்களைக் கூப்பிட்டது. போன் காதிலிருக்க, என்னைக் கேட்காமலே என் இன்னொரு கை உயர்ந்துவிட்டது.