காப்பி போதும் என்ற எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா இறந்துவிட்டார் என்று செவ்வாய்க்கிழமை காலையில் சபையிலிருந்து போன் வந்தது. அப்பா பேசி முடித்துவிட்டு, "நாளைக்கு அடக்கமாம். நாளன்னிக்கு வியாழக்கிழமை" என்றார். அம்மா அடுப்பை அணைத்தார். எங்கள் வீட்டில் அதுதான் அழுகை.

அவரை அறியாதவர்களுக்கு: எஸ்தர் அக்கா, அருவங்காட்டில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கீழே இருக்கும் சிறிய சபையின் ஊழியக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், அம்மாவுக்கும் அக்கா, எனக்கும் அக்கா. அறிந்தவர்களுக்கு: ஆமாம், கேரமில் அழுகுணி ஆட்டம் ஆடுவார். இறந்தவரைப் பற்றி நல்லதே எழுத வேண்டும் என்பதால், நன்றாகவே அழுகுணி ஆட்டம் ஆடுவார் என்று திருத்திக்கொள்கிறேன்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போதுதான் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்கு வெடிமருந்து பேக்டரியில் வேலை. வீட்டில் மருந்து கிடையாது, வெடி மட்டும் உண்டு. வாசலிலேயே வெடித்தார்.

"ஏனுங்க, எங்கள மதம் மாத்தத்தான வந்திருக்கீங்க?"

"இயேசுவப் பத்தி நீங்க கேட்டா விடிய விடியப் பேசுவனுங்க. கேக்கலைன்னா காப்பி போதும்."

"நான் கேக்கவே மாட்டேன்."

"அப்பக் காப்பியே குடுங்க."

அன்று முதல் வியாழன்தோறும் வந்தார், எப்போதும் வெறுங்கையோடு. கிறிஸ்துமஸுக்குக்கூடக் கேக் கொண்டுவர மாட்டார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "நான் ஒண்ணு குடுத்தா, இதுக்கு நாம என்ன செய்யோணும்னு யோசிப்பீங்க. நானே வாங்கிக் குடிச்சா, அடுத்த வாரமும் வந்துருவாளேன்னு மட்டுந்தான் யோசிப்பீங்க" என்றார்.

அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "இன்னைக்கு ஆரம்பிப்பாங்க பாரு" என்று ஒவ்வொரு வியாழனும் சொல்வார். அக்கா பேசியதெல்லாம் முட்டைக்கோஸ் விலை, பனி, அம்மாவின் மூட்டுவலி. ஒருமுறை அவருடைய காப்பியில் நான் உப்பைப் போட்டுவைத்தேன். ஒரு வாய் குடித்தார், முகம் மாறவில்லை. "அருமையா இருக்குது. நீங்களே குடிங்க" என்று டம்ளரை அப்பாவிடம் நீட்டினார். அதன்பின் அப்பா போட்ட சத்தத்தைப் பேக்டரி சங்கு என்று அக்கம்பக்கத்தார் நினைத்திருப்பார்கள்.

சபையின் மூப்பருக்கும் பொறுமை குறைந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை நானும் அக்காவும் சபை அறையில் கேரம் ஆடிக்கொண்டிருந்தபோது, என்னையும் வைத்துக்கொண்டே கேட்டார்: "இத்தன வருசமா அந்த வீட்டுக்குப் போறீங்க. என்ன பலன்மா? ஒருத்தராவது ஆராதனைக்கு வந்தாங்களா?"

"பலன் இருக்குதுங்க ஐயா. அந்த வீட்டுல இப்பக் காப்பி நல்லாப் போடுறாங்க" என்றார் அக்கா. சொன்ன கையோடு என் காயையும் நகர்த்தினார்.

போன மாதம் குன்னூர் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இனி அதிக நாள் இல்லை என்று தெரிந்துதான் பார்க்கப் போனோம். அம்மா பழம் வாங்கப் பார்த்தார். "வேண்டாம், வெறுங்கையோடயே போலாம்" என்றார் அப்பா. கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க்கா, உங்க இயேசுவப் பத்தி."

அப்பா அவரை அக்கா என்று அழைத்தது அன்றுதான். நான் பிளஸ் டூ வரும்வரை அக்கா காத்திருந்த கேள்வியும் அதுதான். அக்கா அப்பாவை உற்றுப் பார்த்தார்.

"நெசமாவே தெரிஞ்சுக்கோணும்னு கேக்கறீங்களா, எனக்காகக் கேக்கறீங்களா?"

அப்பாவுக்குப் பொய் வராது. "உங்களுக்காகத்தானுங்க்கா."

"அப்ப வேண்டாமுங்க" என்று சிரித்தார். "கீழ கேன்டீன் இருக்குது. காப்பி குடிச்சுட்டுப் போங்க. வியாழக்கிழமை வாங்க." போனோம், இரண்டு வியாழன்கள். அப்பா மறுபடி கேட்கவில்லை, அக்காவும் தொடங்கவில்லை.

புதன்கிழமை அடக்கம். கல்லறைக்கு ஏறும் செங்குத்துப் பாதையில் பெட்டியைச் சுமந்தவர்களில் அப்பாவும் ஒருவர். சபைக்காரர்கள் மாற்றிக்கொள்ள வந்தபோதும் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாள் வியாழன். சாயங்காலம் அப்பா ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தார்; நானும் கூடப் போனேன். நின்றது மூப்பர் வீட்டு வாசலில். அவர் திகைத்துப்போய், "வாங்க, வாங்க. என்னங்க விசயம்?" என்றார்.

"விசயம் ஒண்ணுமில்லீங்க" என்றார் அப்பா, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி. "காப்பி போதும்."

மூப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, உள்ளே திரும்பி, "மூணு காப்பி போடும்மா" என்றார்.

போய் வாருங்கள், அக்கா. உப்புப் போடவில்லை.