பக்கெட் மட்டம் காட்டும் கம்பி

டிராக்டர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, மண்ணும் எருவும் அள்ள முன்னால் மாட்டியிருக்கும் லோடர் பக்கெட்டின் அடி தரைக்கு மட்டமாக இருக்கிறதா இல்லையா என்று உங்களால் சொல்ல முடியுமா? சும்மா கேட்கவில்லை, ஒருமுறை ஏறிப் பாருங்கள். பானெட் பாதியை மறைக்கும், லோடரின் இரண்டு கைகள் மீதியை மறைக்கும், பக்கெட்டின் முதுகு மட்டும்தான் தெரியும். முதுகைப் பார்த்து ஒருத்தர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கண்டுபிடிக்கிற வேலை அது. பக்கெட்டின் மூக்கு கொஞ்சம் கீழே போனால் தரையைத் தோண்டி கல்லும் மண்ணுமாக அள்ளும். கொஞ்சம் மேலே போனால் எருவின் மேல் சறுக்கிவிட்டு வெறும் பக்கெட்டாகத் திரும்பி வரும்.

இதற்கு உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்களோ, கே.ஜி.கண்டிகைப் பக்கம் எங்கள் நிலத்தில் இருந்த ஏற்பாடு என் சித்தப்பா.

நைனா, அதாவது என் அப்பா, ஓட்டுவார். சித்தப்பா எருக்குழி ஓரத்தில், பக்கெட்டுக்குப் பக்கவாட்டில் நின்று கை காட்டுவார். உள்ளங்கை கீழே பார்த்தால் இறக்கு. மணிக்கட்டைத் திருப்பினால் மூக்கை நிமிர்த்து. கையைத் தட்டையாக நீட்டிக் காற்றில் ஒரு கோடு இழுத்தால் மட்டம், அப்படியே உள்ளே விடு. பார்ப்பதற்கு டிராஃபிக் போலீஸ் மாதிரி செம கெத்தாக இருக்கும்.

இதில் ஒரே ஒரு சிக்கல், இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. நான் சின்ன கிளாஸில் இருந்தபோது நிலத்தில் போர்வெல் போட்டார்கள். சித்தப்பா புளியமரத்துப் பக்கம் போடலாம் என்றார், நைனா மோட்டார் கொட்டகைப் பக்கம் என்றார். அண்ணன் என்பதால் நைனா சொன்ன இடத்தில் போட்டார்கள். தண்ணீருக்குப் பதில் வெள்ளைத் தூசி வந்து எங்கள் எல்லோருடைய தலையையும் நரைக்க வைத்துவிட்டுப் போனது. சித்தப்பா ஏதோ ஒரு வார்த்தை கேட்டார், நைனா ஏதோ ஒரு வார்த்தை பதில் சொன்னார். அவை என்ன வார்த்தைகள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அதோடு பேச்சு நின்றது. பிறகு நிலத்தைப் பிரித்தார்கள், மாடுகளைப் பிரித்தார்கள், வீட்டின் நடுவில் ஒரு சுவர் எழுப்பினார்கள். டிராக்டரையும் எருக்குழியையும் மட்டும் பிரிக்க முடியவில்லை.

அவசரத் தகவல்கள் என் வழியாகப் போகும். சித்தப்பா மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருப்பார். நைனா என்னைப் பார்த்து, நாளைக்கு எரு அடிக்கணும்னு உன் சித்தப்பாகிட்ட சொல்லு என்பார். சித்தப்பாவும் என்னைப் பார்த்து, ஆங், வரேன்னு உங்க நைனாகிட்ட சொல்லு என்பார். நான் வாயே திறக்க வேண்டாம். நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையைத் திருப்பினால் போதும். ஆனால் நான் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது.

லோடர் ஓடும்போது மட்டும் நான் தேவைப்படவில்லை. அங்கே எல்லாம் நேரடிக் கை. மட்டம், ஏற்று, இறக்கு தவிர வேறு சங்கதிகளும் அதில் போய்க்கொண்டிருந்தன. நைனா அவசரப்பட்டு ஓட்டினால் சித்தப்பா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, மலைக்கோயில் சாமிக்குப் போடுவது போல ஒரு கும்பிடு போடுவார். சித்தப்பா பராக்குப் பார்த்தால் நைனா ஹாரன் அடிப்பார். ஒருநாள் நைனாவுக்குக் காய்ச்சல். யாரும் சித்தப்பாவுக்குச் சொல்லவில்லை. அவர் தூரத்திலிருந்தே தன் கழுத்தைத் தொட்டுக் காட்டிப் புருவத்தைத் தூக்கினார். நைனா இல்லை என்று தலையாட்டினார். சித்தப்பா கட்டைவிரலைப் பின்பக்கம் காட்டினார், இறங்கு என்று. நைனா இறங்கவில்லை. சித்தப்பா நேராக வந்து, சீட்டில் இருக்கிறவரின் முகத்தைப் பார்க்காமலேயே கையை நீட்டி இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அந்த டிராக்டரை விற்றுவிட்டு ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொந்தக்காரர்கள் யோசனை சொல்வார்கள். அம்மாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. “அது ஒண்ணுதான் ரெண்டு பேரையும் ஒரே எடத்துல நிக்க வெச்சினு கீது. அதுவும் போச்சுன்னா நல்லது கெட்டதுக்குக் கூட மூஞ்சி பாத்துக்க மாட்டாங்க” என்பாள். டிராக்டர் நல்ல கண்டிஷனில் இருக்கிறது என்று அம்மா சொல்வதாக நான் எடுத்துக்கொண்டேன்.

ஏழாவது படிக்கும்போது ஒருநாள் சித்தப்பா தாலுகா ஆபீஸ் வேலையாகத் திருத்தணி போய்விட்டார். நைனா தனியாக எரு அள்ளினார். முதல் பக்கெட்டில் காற்று வந்தது. இரண்டாவதில் குழியின் தரை வந்தது. மூன்றாவதில் எங்கள் சொட்டுநீர்க் குழாய் நூடுல்ஸ் மாதிரி தொங்கிக்கொண்டு வந்தது. நைனா இறங்கி நின்று, அங்க ஒரு கண்ணு இருந்தா நல்லா இருக்கும் என்று முனகினார். யாருடைய கண் என்று அவர் சொல்லவில்லை. அந்த நொடியே எனக்குள் இன்ஜினியர் முழித்துக்கொண்டாள்.

யோசனை ரொம்ப சிம்பிள். பக்கெட்டை மடக்கி நிமிர்த்துவது ஒரு ஹைட்ராலிக் ஜாக்கி. பக்கெட் அசைந்தால் ஜாக்கியின் தண்டு உள்ளே போகும், வெளியே வரும். அந்தத் தண்டின் முனையோடு ஒரு கம்பியைச் சேர்த்து, அந்தக் கம்பியை ஜாக்கியின் முதுகில் ஒரு குழாய்க்குள் விட்டால், கம்பியின் மறுமுனை சீட்டில் இருப்பவரின் கண்ணுக்கு முன்னால் ஏறி இறங்கும். பக்கெட்டைச் சிமெண்ட் களத்தில் மட்டமாக வைத்துவிட்டு, குழாயின் வாயில் கம்பி எட்டிப் பார்க்கும் இடத்தில் ஒரு கோடு போட்டால் முடிந்தது. கோடு வாய்க்கு வந்தால் பக்கெட் மட்டம். கையும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

பழைய இரும்புக் குழாய் ஒன்றும் ஜன்னல் கம்பி ஒன்றும் கிடைத்தன. நைனாவை நச்சரித்து டிராக்டரோடு திருத்தணியில் பாயின் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். பாய் என் பென்சில் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது ராக்கெட்டா பாப்பா என்றார். பிறகு கிளிப் போட்டுக் குழாயை இறுக்கி, கம்பியை வெல்டிங் வைத்துக் கொடுத்தார். கோட்டுக்கு அம்மாவின் சிவப்பு நெயில் பாலிஷ். பாட்டில் காலி. அதற்கு வாங்கிய திட்டு தனிக் கதை.

வேலை செய்ததா என்றால், பிரமாதமாகச் செய்தது. நைனா கோட்டைப் பார்த்து மட்டம் பிடித்து உள்ளே விட்டார், பக்கெட் நிறைய எரு, ஒரு கல் இல்லை. மறுநாள் காலை சித்தப்பா வழக்கம் போல வந்து தன் இடத்தில் நின்றார். இறக்கு என்று காட்டக் கையைத் தூக்கினார். பக்கெட் ஏற்கெனவே இறங்கியிருந்தது. மட்டம் என்று கோடு இழுக்கப் போனார். அதற்குள் பக்கெட் எருவுக்குள் போயிருந்தது. தூக்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையால் காதைச் சொறிந்துகொண்டார். நான் ஓடிப் போய், இனிமேல் நீங்க வெயில்ல நிக்கவே வேணாம் சித்தப்பா என்று, கருணை வடிய, நல்ல செய்தியைச் சொன்னேன்.

அதன் பிறகு சித்தப்பா வரவில்லை. வேலை சீக்கிரம் முடிந்தது. எருக்குழிக்குப் போகும் தூக்கில் அம்மா ஒரு டம்ளர் டீ குறைத்து ஊற்றினாள். நைனா என் கண்டுபிடிப்பில் குறை சொல்ல ஆரம்பித்தார். லோடரை மேலே தூக்கினால் பக்கெட் சாய்கிறது, கோடு மட்டும் அங்கேயே நிற்கிறது, பொய் சொல்கிறது என்றார். டெக்னிக்கலாக அது சரிதான், கை உயர்ந்தால் கோணம் மாறும். ஆனால் மட்டம் பார்ப்பது தரையில் அள்ளும்போதுதானே, மேலே போனால் கவிழ்க்கத்தானே போகிறீர்கள் என்று நான் சண்டைக்குப் போனேன்.

ஒரு சாயங்காலம் சித்தப்பா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, உங்க நைனாகிட்ட சொல்லு. வண்டிக்கு நான் தேவப்படல. என் பங்கு எனக்கு வேணாம், அவரே வெச்சிக்கட்டும்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடி வந்து, டிராக்டர் மொத்தமும் நம்முடையது ஆகிவிட்டது என்று கத்தினேன். நைனா சோற்றில் கை வைத்திருந்தார். அந்தக் கையை எடுத்துக் கழுவிக்கொண்டு வெளியே போனார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், நெயில் பாலிஷ் கோபம் இன்னும் தீரவில்லை என்று தெரிந்தது.

மறுநாள் காலை கம்பி வளைந்திருந்தது. பெரிய சைஸ் கேள்விக்குறி மாதிரி. குழாய்க்குள் போகவும் இல்லை, வரவும் இல்லை. நைனா பக்கத்தில் நின்று, மாடு ஏதாவது முட்டியிருக்கும் என்றார். மாடு கொட்டகையில் கட்டியிருந்தது.

நான் விடுவேனா? இன்னும் தடிமனான கம்பியை மாட்டினேன். அன்று சித்தப்பா அந்தப் பக்கமாகப் போவது போல வந்தார். இது எப்படி வேலை செய்கிறது என்று அக்கறையாகக் கேட்டார், நல்லா பண்ணிகிற என்று பாராட்டினார். “இது வளையாதா?” என்றார். சான்ஸே இல்லை என்றேன். சித்தப்பா கம்பியை விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் அதுவும் வளைந்திருந்தது. இந்த முறை எதிர்ப் பக்கம்.

மூன்றாவது கம்பி தேடிக்கொண்டிருக்கும்போது குழாயையே காணோம். தேடி அலைந்து, கடைசியில் அடுப்படியில் கண்டுபிடித்தேன். கேஸ் தீர்ந்துபோன நாள். அம்மா விறகடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, என் குழாயை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். நான் அழுதேன். அவள் ஊதுவதை நிறுத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்லா ஊதுதுடி என்று மட்டும் சொன்னாள். புகைதான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் நைனா வாசலில் இருந்து கூப்பிட்டார். “உன் சித்தப்பாகிட்ட போய் சொல்லு. அந்த மெஷினு வேலைக்கி ஆவல. நாளைக்கி எரு அடிக்கணும்.”

சித்தப்பா சுவரை ஒட்டித்தான் நின்றிருந்திருக்க வேண்டும். நான் போய்ச் சொல்லும்போது செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நாளைக்குத்தானே என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. ஒரு வாரம் டைம் குடுங்க, இதவிட சூப்பரா பண்ணிடறேன் என்றேன். “அவசரம் இல்ல பாப்பா. பெரிய படிப்பெல்லாம் படிச்சிட்டு நிதானமா பண்ணு” என்றார்.

மறுநாள் நான் குழி ஓரத்தில் கைகட்டி நின்று பார்த்தேன். சித்தப்பா கோடு இழுத்தார். பக்கெட் மட்டமாகவே இல்லை, மூக்கு கீழே இருந்தது, எனக்கே தெரிந்தது. நைனா அதை நம்பி உள்ளே விட்டார். பக்கெட் நிறைய மண். சித்தப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார். நைனா ஹாரனை அழுத்தினார், விடவே இல்லை, நீளமாக அடித்துக்கொண்டே இருந்தார். சரியாக வேலை செய்யும் ஒரு கருவியை மூன்று பெரியவர்கள் சேர்ந்து ஒழித்துக்கட்டிவிட்டு, தப்பாகக் கை காட்டுகிற ஆளை ஏன் திரும்பக் கூட்டி வந்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. என் சயின்ஸ் ரெக்கார்டில் தோல்விக்குக் காரணம் என்ற இடத்தில், கம்பியின் தரம் போதவில்லை என்று எழுதினேன்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து ஒரு வருடம் ஆகிறது. அவர்கள் இன்னும் பேசிக்கொள்வதில்லை. இப்போதும் நைனா ஓட்ட, சித்தப்பா கை காட்ட, குழியில் எரு அள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.